மறைப்பது வேறு, நீக்குவது வேறு

(நம் சங்க அறையில் நடந்த ஞாயிற்றுக்கிழமைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் காலாண்டு மடலில் வெளியிடுகிறோம்.)



போட்டோ எடிட்டிங், வீடியோ எடிட்டிங், நோட்டீஸ் டிசைன் இவற்றுக்கான அடிப்படைக் கருவிகளைப் பற்றி அரை மணி நேரம் பேசச் சொல்லி செயலாளர் கேட்டார். அச்சகங்களுக்கு வடிவமைப்பு செய்தே பிழைத்தவன் என்பதால் எனக்கு இது சந்தோஷமான வேலை. ஆனால் ஃபோட்டோஷாப்பைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். இடது ஓரத்தில் வரிசையாகப் பொத்தான்கள் நிற்கும். ஒவ்வொன்றையும் அழுத்திப் பிடித்தால் அதற்குள் இன்னும் நான்கைந்து ஒளிந்திருக்கும். அவை எல்லாவற்றையும் பெயர் சொல்லி வாசித்துக்கொண்டே போனால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவீர்கள், மீதிப் பேர் தூங்கிவிடுவீர்கள்.

அதனால் ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு எல்லாக் கருவிகளையும் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். எந்தப் பொத்தானைத் தொட்டாலும் கேளுங்கள்: இது அந்த விஷயத்தை நீக்கிவிட்டதா, அல்லது நம் கண்ணுக்கு மறைத்து மட்டும் வைத்திருக்கிறதா? நம் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் தினமும் சுற்றும் படங்களுக்கும் இந்தக் கேள்விக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

முதலில் லேயர். பெரியவர்களுக்கு ஓஹெச்பி ஷீட் நினைவிருக்கும். கண்ணாடி போன்ற தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் மேலிருந்து பார்க்கும்போது எல்லாம் சேர்ந்து ஒரே படமாகத் தெரியும். லேயர் என்பது அதுதான். நம் பொங்கல் விழா நோட்டீஸை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் பானைப் படம் ஒரு தாள், அதன்மேல் எழுத்து ஒரு தாள், ஓரத்தில் சங்கத்தின் முத்திரை ஒரு தாள். நேரம் 10 மணியிலிருந்து 11 மணிக்கு மாறினால் எழுத்துத் தாளை மட்டும் திருத்தினால் போதும். பானைக்கு ஒன்றும் ஆகாது.

இன்றைக்கு இது சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் 1990-இல் ஃபோட்டோஷாப்பின் முதல் பதிப்பு வந்தபோது அதில் லேயர் கிடையாது. 1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் சேர்த்தார்கள். அதற்கு முன்னால் படத்தின்மேல் ஒரு எழுத்தைப் பதித்துவிட்டால் அது படத்தோடு படமாகக் கரைந்துவிடும். பத்திரிகையில் மாமா பெயர் தப்பாக விழுந்துவிட்டால், முந்தைய நகல் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்திருந்தால் தப்பித்தீர்கள். இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்து செய்ய வேண்டியதுதான். காசு கொடுத்து ஃபோட்டோஷாப் வாங்க வேண்டும் என்று இல்லை. கிம்ப் என்ற மென்பொருள் இலவசம். லேயர், மாஸ்க் எல்லாம் அதிலும் உண்டு. கேன்வாவில்கூட ஒவ்வொரு எழுத்தும் படமும் தனித்தனித் தாள்தான்.

அடுத்தது மாஸ்க். இதை நிறையப் பேர் தொடுவதே இல்லை. எனக்கு அது வருத்தம். கொலு முன்னால் எடுத்த குடும்பப் படத்தில் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி தெரிகிறது என்று வையுங்கள். ரப்பரை எடுத்துத் தேய்த்தால் நாற்காலி போய்விடும். கை தவறினால் அத்தை புடவையின் பார்டரும் சேர்ந்து போகும். சேமித்து மூடிவிட்டால் திரும்ப வராது. மாஸ்க் போட்டுச் செய்தால் எதுவுமே அழிவதில்லை. மாஸ்க்கில் கறுப்பு பூசின இடம் மறையும், வெள்ளை பூசினால் திரும்பத் தெரியும். புடவை பார்டர் போய்விட்டதா? வெள்ளை பிரஷ் எடுத்துத் தடவுங்கள், வந்துவிடும். அடுத்த வருடம் திறந்து தடவினாலும் வரும்.

கிராப், அதாவது ஓரம் வெட்டுவதும் இப்போது பல இடங்களில் அப்படித்தான். ஐபோனிலும் கூகுள் போட்டோஸிலும் ஒரு படத்தை வெட்டிச் சேமித்த பிறகு மறுபடி எடிட் போய்ப் பாருங்கள், பழைய முழுப் படத்துக்குத் திரும்பும் வழி இருக்கும். வெட்டியது உங்களுக்குக் காட்டப்படும் விதத்தை மட்டும்தான்.

வீடியோவில் இதே கதை இன்னும் அழகு. சினிமா பிலிமில் ஓடிய காலத்தில் எடிட்டர்கள் ஒரிஜினல் நெகட்டிவில் கை வைக்க மாட்டார்கள். ரஷ் பிரிண்ட் என்று ஒரு நகல் போட்டு, அதைத்தான் மேஜையில் வெட்டி ஒட்டிப் பார்ப்பார்கள். எல்லாம் முடிவான பிறகுதான், கடைசியாக நெகட்டிவை வெட்டுவது. இன்றைய டைம்லைன் அந்தப் பழக்கத்தின் வாரிசு. வீடியோவை டைம்லைனில் போட்டு இழுத்துச் சுருக்கினாலும், பிளேடு கருவியால் நாலு துண்டாக்கினாலும், கார்டில் இருக்கும் அசல் கோப்பு அப்படியேதான் இருக்கும். எங்கே ஆரம்பித்து எங்கே முடிய வேண்டும் என்ற குறிப்பை மட்டும் மென்பொருள் எழுதி வைத்துக்கொள்கிறது. நீங்கள் எக்ஸ்போர்ட் கொடுக்கும்போதுதான் புதிதாக ஒரு கோப்பு பிறக்கிறது. ஆண்டு விழா வீடியோவை எடிட் செய்கிற பிள்ளைகள் அசல் கோப்புகளை வேறு ஃபோல்டருக்கு நகர்த்திவிட்டு, "எல்லாம் சிவப்பாகக் காட்டுகிறது அங்கிள்" என்று வருவது இதனால்தான். குறிப்பு இருக்கிறது, அது சுட்டிக்காட்டிய கோப்பு அந்த இடத்தில் இல்லை. அவ்வளவுதான்.

நோட்டீஸ் செய்பவர்களுக்கு வேகமாக மூன்று விஷயம். ஏ4 தாளில் சுத்தமாக அச்சாக வேண்டுமானால் படம் சுமார் 2480-க்கு 3508 பிக்சல் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்து ஃபிளெக்ஸ் அடித்தால் கட்டம் கட்டமாகத்தான் வரும். சங்க முத்திரையை இங்க்ஸ்கேப் போன்ற வெக்டர் மென்பொருளில் ஒரு முறை வரைந்து வைத்துக்கொண்டால் லெட்டர்பேடுக்கும் வாசல் பலகைக்கும் அதுவே போதும். ஃபோட்டோஷாப்பில் தமிழ் அடிக்கும்போது கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவைத் திட்டாதீர்கள். செட்டிங்கில் எழுத்து அமைப்பை நம் மொழிகளுக்கான முறைக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

இப்போது நான் முதலில் சொன்ன கேள்விக்கு வருகிறேன். எதையும் அழிக்காமல் மறைத்து மட்டும் வைக்கும் இந்தக் குணம் வேலை செய்கிறவனுக்குப் பெரிய வரம். ஆனால் ஒரு விஷயம் உண்மையிலேயே போய்விட வேண்டும் என்று நீங்கள் நினைக்கும்போது அதே குணம் காலை வாரிவிடும்.

நம் குழுவில் அடிக்கடி வருவது என்ன? வீட்டு வேலைக்கு வரும் அம்மாக்கள், டிரைவர்கள், செக்யூரிட்டிகள், புதிதாகக் குடிவருபவர்கள் ஆகியோரின் ஆதார் நகல். "வெரிஃபிகேஷனுக்காக" என்று போடுகிறோம். கொஞ்சம் கவனமானவர்கள் எண்ணின்மேல் போனிலேயே பேனாவால் கிறுக்கிவிட்டுப் போடுகிறார்கள். நல்ல எண்ணம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கிறுக்கலுக்கு எடுத்த பேனா எது? போன்களில் பல வகைப் பேனா இருக்கும். அதில் பட்டையாக இருக்கிற மார்க்கர் பெரும்பாலும் ஹைலைட்டர் வகை. அது முழுக்க மூடாது, கொஞ்சம் ஊடுருவும். கறுப்பில் நாலு முறை தேய்த்தால் கண்ணுக்கு மூடினது போல இருக்கும். அந்தப் படத்தை யாராவது எடுத்து வெளிச்சத்தையும் எக்ஸ்போஷரையும் கடைசி வரை ஏற்றினால் அடியிலிருக்கும் எண் மங்கலாக எழுந்து வரும். இதற்கு ஹேக்கர் வேண்டாம், எட்டாம் வகுப்புப் பையன் போதும்.

சரி, பிளர் செய்துவிடலாமே, கட்டம் கட்டமாக்கிவிடலாமே என்பீர்கள். முகத்துக்கோ மரத்துக்கோ அது சரி. எண்ணுக்குச் சரிப்படாது. ஏனென்றால் ஓர் இடத்தில் வரக்கூடியது 0 முதல் 9 வரை பத்தே பத்துதான். அதே எழுத்துருவில் பத்தையும் கட்டமாக்கிப் பார்த்து, எது ஒத்துப்போகிறது என்று மென்பொருளே சொல்லிவிடும். ஒரே ஓர் இலக்கத்தை மட்டும் மறைத்தால் அதுவும் வீண். ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசியில் வருவது மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கான இலக்கம். ஒன்று விடுபட்டால் கணக்குப் போட்டே கண்டுபிடித்துவிடலாம். எண்ணை நன்றாக மூடிவிட்டு, பக்கத்தில் இருக்கும் கியூஆர் கோடை அப்படியே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. அட்டையில் உள்ள விவரங்கள் அந்தக் கோடிலும் இருக்கின்றன. அதன் ஒரு மூலையில் மட்டும் விரலை வைத்து மறைத்தாலும் பிரயோஜனம் இல்லை. கியூஆர் கோடு அழுக்கானாலும் கிழிந்தாலும் படிக்கக்கூடியதாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. வகையைப் பொறுத்து ஏறத்தாழ 7 முதல் 30 சதவீதம் வரை சேதமானாலும் தாங்கும். கடைகளில் யுபிஐ கோடின் நடுவே லோகோ வைத்தும் பணம் போகிறதே, அதே காரணம்தான்.

சுழற்றி மறைக்கும் கருவி ஒன்று உண்டு. முகத்தைத் தண்ணீரில் சுழித்துவிட்டது போல ஆக்கும். 2007-இல் இன்டர்போல் தேடிய ஒரு குற்றவாளி தன் முகத்தை இப்படிச் சுழற்றித்தான் படங்களை இணையத்தில் போட்டிருந்தான். ஜெர்மன் போலீஸ் நிபுணர்கள் அதை எதிர்ப்பக்கம் சுழற்றி முகத்தை வெளியே கொண்டுவந்தார்கள். தாய்லாந்தில் பிடிபட்டான். அவன் விஷயத்தில் நல்லதுதான் நடந்தது. ஆனால் பார்க்க அலங்கோலமாக இருக்கிறது என்பதற்காகப் படத்தில் இருந்த தகவல் போய்விட்டது என்று நம்ப முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

படித்தவர்களும் சறுக்குகிறார்கள். 2019 ஜனவரியில் அமெரிக்காவில் பால் மானஃபோர்ட் வழக்கில் அவருடைய வக்கீல்கள் தாக்கல் செய்த பிடிஎஃப் ஆவணத்தில் ரகசிய வரிகளின்மேல் கறுப்புப் பட்டை போட்டிருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் அந்தப் பட்டையின்மேல் மவுஸை இழுத்து, காப்பி செய்து வேறு இடத்தில் ஒட்டினார்கள். முழு வரியும் வந்தது. பட்டை ஒரு லேயர், எழுத்து அடியில் வேறொரு லேயர். நான் முதலில் சொன்ன பொங்கல் நோட்டீஸ் கதையேதான். நம் பொதுக்குழு அறிக்கையில் பராமரிப்புத் தொகை பாக்கி வைத்தவர்களின் பெயரைப் பட்டை போட்டு மறைத்து பிடிஎஃப் அனுப்பினால் இதுதான் நடக்கும். வேர்டில் ஒரு படத்தை கிராப் செய்து அறிக்கையில் சேர்த்தாலும் அப்படியே. வெட்டின பகுதி கோப்புக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். ரீசெட் கொடுத்தால் எழுந்து வரும். படத்தைச் சுருக்கும் வசதிக்குள் போய், வெட்டிய பகுதியை நீக்கு என்று தனியாகச் சொன்னால்தான் அது போகும்.

கருவியே ஏமாற்றிய கதையும் ஒன்று இருக்கிறது. 2023 மார்ச்சில் வெளியே வந்தது. கூகுள் பிக்சல் போன்களில் ஸ்கிரீன்ஷாட்டை வெட்டும் கருவி, வெட்டிய சின்னப் படத்தைப் பழைய பெரிய கோப்பின்மேலேயே எழுதி வந்தது. ஆனால் மிச்சமிருந்த வாலை வெட்டவில்லை. அந்த வாலிலிருந்து பழைய படத்தின் ஒரு பகுதியைத் திரும்ப எடுக்க முடிந்தது. விண்டோஸ் 11-இன் ஸ்னிப்பிங் டூலிலும் அதே வகைக் குறை இருந்தது. இரண்டையும் சரிசெய்துவிட்டார்கள். ஆனால் அதற்கு முன் வெட்டி, கோப்பாகவே பகிர்ந்த பழைய படங்களை அந்தத் திருத்தம் தேடிப்போய்ச் சரிசெய்யாது.

அப்படியானால் என்னதான் செய்வது? சொன்னால் சிரிப்பீர்கள். எந்த மென்பொருளும் வேண்டாம். ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து, எண்ணின்மேலும் கியூஆர் கோடின்மேலும் வைத்துவிட்டுப் படம் எடுங்கள். கேமராவுக்குள் போகாத வெளிச்சத்தை உலகத்தில் எந்த எடிட்டராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. ஆதாருக்கு இன்னும் நல்ல வழி உண்டு. ஆதார் ஆணையத்தின் தளத்திலேயே மாஸ்க் செய்த ஆதார் என்று இறக்கிக்கொள்ளலாம். அதில் கடைசி 4 இலக்கம் மட்டுமே தெரியும். வேலைக்கு வருகிற அம்மாவிடம் ஸ்மார்ட்போன் இல்லாமல் இருக்கலாம், அல்லது இதைச் செய்யத் தெரியாமல் இருக்கலாம். நாம் உட்கார்ந்து செய்து கொடுக்க ஐந்து நிமிடம் போதும்.

ஏற்கெனவே கையில் இருக்கும் படத்தில்தான் மறைத்தாக வேண்டும் என்றால், பேனாவை விடுங்கள். முழுக் கறுப்பு நிரப்பிய செவ்வகத்தை வையுங்கள். பிறகு அதை ஜேபெக்காக எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ஜேபெக்குக்கு லேயர் தெரியாது. எல்லாத் தாளையும் ஒன்றாக அழுத்தி ஒட்டிவிடும். நோட்டீஸ் விஷயத்தில் நான் எப்போதும் திட்டுகிற இந்தக் குணம் இங்கே நமக்கு உதவுகிறது. எக்ஸ்போர்ட் ஆன கோப்பை வேறொரு போனில் திறந்து, வெளிச்சத்தை முழுக்க ஏற்றிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். பிடிஎஃப் என்றால் பட்டையின் மேல் இழுத்துக் காப்பி செய்து பாருங்கள். எழுத்து வந்தால் அனுப்பாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். யாருடைய ஆதார் அந்தக் குழுவில் சுற்றுகிறதோ, அவர்கள் அந்தக் குழுவில் இல்லை. தங்கள் படம் இருநூறு போனில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. நம் வீட்டுப் பத்திரத்தை இப்படிப் போடுவோமா? சங்க அலுவலகத்தில் ஒரே ஒருவரிடம் கொடுத்தால் முடிகிற விஷயம் இது.

அடுத்தது சிசிடிவி. சைக்கிள் காணாமல் போனாலும் பூந்தொட்டி உடைந்தாலும் மானிட்டரை போனால் படம் பிடித்துக் குழுவில் போட்டுவிடுகிறோம். அதில் குழந்தைகளின் முகம் இருக்கும், யார் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்பதும் இருக்கும். முகத்தை மறைத்துவிட்டுப் போடலாம் என்றால், வீடியோவில் அது படத்தைவிடக் கஷ்டம். பிளர் வட்டம் முகத்தோடு சேர்ந்து நகர வேண்டும். டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் பின்தொடரும் வசதி இருக்கிறது, ஆனால் அதையும் நம்பி விட்டுவிடக் கூடாது. போன் வீடியோவில் ஒரு நொடிக்குப் பொதுவாக 30 படமாவது இருக்கும். பையன் தலையைத் திருப்பும் நேரத்தில் வட்டம் ஒரு கணம் விலகினால் போதும். யாராவது சரியாக அங்கே நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுவார்கள். எக்ஸ்போர்ட் ஆன வீடியோவை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்க்கப் பொறுமை இல்லாதவர்கள் போடாமல் இருப்பதே மேல்.

உண்மையிலேயே திருட்டு என்றால் வேறு விதமாக நடந்துகொள்ள வேண்டும். டிவிஆரில் சில நாட்களில் பழைய பதிவின்மேல் புதியது எழுதப்பட்டுவிடும். அதனால் முதல் வேலை, அந்தப் பகுதியை பென் டிரைவில் எடுத்து வைப்பது. அந்தக் கோப்பில் எந்தத் திருத்தமும் செய்யாதீர்கள். வெட்டாதீர்கள், வெளிச்சம் ஏற்றாதீர்கள், பெயரைக்கூட மாற்ற வேண்டாம். பரிசோதனை எல்லாம் நகலில். போலீசுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம் என்று நிம்மதியாக இருக்காதீர்கள். வாட்ஸ்அப் வீடியோவை நசுக்கித்தான் அனுப்பும். முதலில் பலியாவது வண்டியின் நம்பர் பிளேட்.

நம்பர் பிளேட் என்றதும் எல்லோரும் கேட்பது, "ஜூம் செய்து தெளிவாக்க முடியாதா?" சினிமாவில் முடியும். பிளேட் இருக்கும் இடத்தில் மொத்தம் பத்துப் பன்னிரண்டு பிக்சல்தான் பதிவாகியிருக்கிறது என்றால் அதில் எண்ணே இல்லை. இப்போது ஏஐ கொண்டு தெளிவாக்கும் செயலிகள் வந்திருக்கின்றன. 2023-இல் ஃபோட்டோஷாப்பிலேயே படத்தில் இல்லாததை வரைந்து நிரப்பும் வசதி வந்துவிட்டது. கல்யாணப் படத்தில் வானத்தை நீட்டுவதற்கு அது அருமை. நம்பர் பிளேட்டுக்கு அது ஆபத்து. மங்கலான இடத்தைக் கொடுத்தால் அது கூர்மையான, பார்க்க நம்பகமான ஓர் எண்ணை வரைந்து கொடுக்கும். அது கேமரா பார்த்த எண் அல்ல. இந்த இடத்தில் எப்படி இருந்தால் பொருந்தும் என்று அது ஊகித்த எண். அந்த எண்ணுக்குச் சொந்தக்காரர் எங்கோ வேறு ஊரில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். முகத்துக்கும் இதுவேதான். கூரியர் கொண்டுவருகிற பையனைப் போல ஒரு முகத்தை அது வரைந்துவிட்டால், அடுத்த நாள் வாசலில் அவனுக்கு என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தெரியவில்லை என்றால் தெரியவில்லை என்று போலீசிடம் சொல்வதுதான் சரி.

கேள்வி நேரத்தில் ஒருவர் லொகேஷன் பற்றிக் கேட்டார். போனில் எடுக்கும் படத்துக்குள் எடுத்த இடமும் நேரமும் பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அது கழன்றுவிடும். தரம் குறையக் கூடாது என்று டாக்குமென்டாக அனுப்பினால் ஒட்டிக்கொண்டே போகும். நோட்டீஸையும் முத்திரையையும் டாக்குமென்டாக அனுப்புங்கள். பேரப் பிள்ளைகளின் படத்தை வெளியாட்களுக்கு அப்படி அனுப்ப வேண்டாம்.

சங்க அறைக் கணினியில் கிம்ப்பும் இங்க்ஸ்கேப்பும் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த ஞாயிறு காலை 10 மணிக்கு மாஸ்க் மட்டும் கையால் செய்து பார்க்கிறோம். பின்னணி சரியில்லாத குடும்பப் படம் ஒன்றை ஆளுக்கொன்றாகக் கொண்டு வாருங்கள். வாட்ஸ்அப்பில் வந்தது வேண்டாம், போனில் எடுத்த அசல் வேண்டும். வீட்டில் வேலை செய்பவர்களுக்கு மாஸ்க் செய்த ஆதார் எடுத்துத் தர விரும்புகிறவர்கள் அவர்களையும் கூட்டி வாருங்கள். ஆதாரில் இணைத்த போன் எண்ணுக்கு ஓடிபி வரும் என்பதால் அந்த போன் அவர்கள் கையில் இருக்க வேண்டும். பிரின்டரில் மை இருக்கிறதா என்று பொருளாளரைக் கேட்டிருக்கிறேன்.